மெக்காலே பார்த்த அலமாரி

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1834 ஜூன் மாதம் சென்னையில் வந்திறங்கினார். உதகையில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்திக்க மலையேறிச் சென்று, இரண்டு மாதத்திற்கு மேல் அங்கிருந்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். இந்திய மண்ணை மிதித்து எட்டு மாதம் நிறையுமுன், 1835 பிப்ரவரி 2ஆம் நாள், தமது கல்விக் குறிப்பை எழுதி முடித்துவிட்டார். நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு தட்டு, இந்தியாவினதும் அரபகத்தினதும் இலக்கியங்கள் அனைத்திற்கும் ஈடாகும் என்ற அவரது கருத்து இடம்பெற்றது அதில்தான். தமக்கு அரபியோ சமஸ்கிருதமோ தெரியாது என்றும் அதிலேயே ஒப்புக்கொள்கிறார். பேர்பெற்ற நூல்களை மொழிபெயர்ப்பில் படித்ததாகவும், கீழை மொழி வல்லுநர்களுடன் உரையாடியதாகவும் சொல்லி அமைகிறார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இந்தியா முழுவதும் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையும் காணவில்லை என்று அதே நாளில் அவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியதாக ஓர் உரை நம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அந்நாளில் அவர் கல்கத்தாவில் இருந்தார். அவ்வுரை புனையப்பட்டது. பகையிருப்பினும் நீதி தவறலாகாது என்பது நம் மறை இட்ட கட்டளை. மெக்காலேயை மறுக்க அவர் உண்மையில் எழுதியதே போதும்.

அவர் கைக்கெட்டிய மொழிபெயர்ப்புகள் எவை? ஜார்ஜ் ஸேலின் குர்ஆன் மொழிபெயர்ப்பு 1734லும், வில்லியம் ஜோன்ஸின் முஅல்லகாத் மொழிபெயர்ப்பு 1782லும் வெளிவந்திருந்தன. ஹிதாயா 1791இல் ஆங்கிலமாயிற்று. அதுவும் அரபி மூலத்திலிருந்தன்று, பார்ஸி வழியாக. அல்குவாரிஸ்மியின் அல்ஜப்ரா நூலை ரோஸன் லண்டனில் 1831இல் வெளியிட்டார். இவற்றோடு ஆயிரத்தொரு இரவுகள். இவை போன்ற சிலவே ஆங்கிலத்தில் அன்றிருந்தன. அலமாரியை ஐரோப்பியர் இன்னும் அடுக்கி முடிக்கவில்லை. மெக்காலே அதற்குள் விலை மதித்துவிட்டார்.

கிரேக்கமும் இலத்தீனும் ஐரோப்பாவை எழுப்பியதுபோல் ஆங்கிலம் இந்தியாவை எழுப்பும் என்பது அவரது மற்றொரு வாதம். உவமை அழகானது. ஆனால் தாலமியின் வானநூலைக் கிரெமோனாவின் ஜெரார்டு 1175 அளவில் டொலிடோ நகரில் இலத்தீனாக்கியது அரபியிலிருந்துதான். கோப்பர்னிகஸ் 1543இல் அச்சேற்றிய தமது நூலில் அல்பத்தானியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இப்னு ஸீனாவின் கானூன் ஐரோப்பிய மருத்துவப் பள்ளிகளில் நூற்றாண்டுகளாகப் பாடமாயிருந்தது. ஆகவே அவர் மெச்சிய அந்த ஒற்றைத் தட்டிலேயே அரபகத்தின் பங்கு இருந்தது.

மதரஸா மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்க வேண்டியிருக்கிறது, ஆங்கிலம் கற்போரோ தாமே பணம் கட்டுகிறார்கள் என்பதையும் அவர் ஒரு சான்றாகக் காட்டினார். கேம்பிரிட்ஜில் 1824இல் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகி, அறக்கட்டளைப் பணத்தில் ஊதியம் பெற்றவர் அவர். அதை அக்கல்வியின் மதிப்புக் குறைவாக அவர் கருதியதாகத் தெரியவில்லை!

அச்சிட்ட அரபி, சமஸ்கிருத நூல்கள் விற்கவில்லை என்ற கணக்கு மட்டும் கனமானது. மூன்றாண்டில் ஏறத்தாழ 60,000 ரூபாய் செலவிட்டு, விற்பனையில் வந்தது ஆயிரம் ரூபாய்கூட இல்லை என்றார் அவர். நம்மவர்கள் இக்கணக்கைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். கையெழுத்துப் பிரதியிலும் ஆசிரியர் வாய்மொழியிலும் கற்றுப் பழகிய உலகம் அச்சு நூலை விலைகொடுத்து வாங்கப் பழகியிருக்கவில்லை என்பதே நாம் கருதும் விடை. ஆயினும் நூல் வாங்கும் பழக்கத்தைப் பற்றி நாம் உரத்துப் பேசும் நிலையில் இன்றும் இல்லை.

எண்ணாயிரத்துக்கும் அதிகமான கல்கத்தா முஸ்லிம்கள் ஒப்பமிட்டு முறையிட்டார்கள். கல்விக்குழுவிலும் அரசிலும் இருந்த ஆங்கிலேயருள் சிலரே, குறிப்பாக எச்.டி. பிரின்ஸெப், கடுமையாக எதிர்த்தனர். 1835 மார்ச் 7ஆம் நாள் பெண்டிங்க் பிறப்பித்த ஆணை 1780இல் தோன்றிய கல்கத்தா மதரஸாவை மூடவில்லை. புதிய உதவித்தொகைகளையும் நூல் அச்சீட்டையும் நிறுத்தியது. 1839இல் ஆக்லண்ட் பிரபு ஓரளவு நிதியைத் திருப்பிக் கொடுத்தார். அரசு மானியத்தைச் சாராது மக்கள் நன்கொடையால் நடப்பது என்ற நெறியோடு 1866இல் தேவ்பந்த் எழுந்தது. கல்கத்தா மதரஸா 2008இல் ஆலியா பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற மெக்காலே மறைந்தது 1859 டிசம்பரில். வரலாறு என்பது என்ன, அது எவ்வாறு எழுதப்பட வேண்டும் என ஆராயும் இப்னு கல்தூனின் முகத்திமா அதற்கு முந்தைய ஆண்டு, 1858இல், குவாத்ரமேரின் பதிப்பாகப் பாரிஸில் வெளிவந்திருந்தது. அது அரபியில் இருந்தது. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வர 1958 வரை நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.