பாலை என்ற பெயர்

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வேலந்தாவளம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தால் ஊர்ப்பெயர்கள் வரிசையாகப் 'பதி' என்று முடியும்: ஒழலப்பதி, வடகரப்பதி, எருத்தேன்பதி. பதி என்றால் நிலைத்துத் தங்கும் இடம். அந்தப் பதிகள் இருக்கும் மாவட்டத்தின் பெயரிலோ, தங்க முடியாமல் போனவர்களின் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாலக்காடு என்பதைப் பாலைமரக் காடு என்று பிரிப்பவர்களே அதிகம். பாலி மொழியோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. மரம் கண்ணெதிரே நிற்கும்போது பாலிக்கு ஏன் போகவேண்டும்? கிள்ளினால் பால் கசியும் மரம் பாலை. வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை எல்லாம் இப்படிப் பெயர் பெற்றவைதான். மலையாளத்தில் 'பால'. கன்னடத்தில் பகரம் ஹகரமாகிப் பால் 'ஹாலு' ஆனது போலவே மரமும் 'ஹாலெ' ஆனது. சென்னபட்டணத்து மரப்பொம்மைகள் அந்த மரத்தில் கடைந்தவை.

பால் சுரக்கும் மரம் சங்கப் பாட்டில் பிரிவுத் துயரின் திணைக்குப் பெயரானது எப்படி? தொல்காப்பியர் மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் கொடுத்தார், பாலைக்குக் கொடுக்கவில்லை. பாலை என்பது தனி நிலமே அல்ல, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று விளக்கியது சிலப்பதிகாரம். இருந்த ஒன்று வற்றிப்போவதுதான் பாலை. காதலுக்கு இதைவிடப் பொருத்தமான நிலம் அமையாது. பொழுது வேனில், நண்பகல். பொருள் தேடிப் போனவனின் வழியும் பாலை, பெற்றவர்களுக்குத் தெரியாமல் அவனோடு கிளம்பிவிட்ட பெண்ணின் வழியும் பாலை. மகள் போன திசையைப் பார்த்துத் தாய் புலம்புவதும் இதற்குள்தான் வரும். அகநானூற்றின் 400 பாட்டில் ஒற்றைப்படை எண் கொண்ட இருநூறும் பாலை. கூடியவர்களைப் பாடியதைவிடப் பிரிந்தவர்களைத்தான் நம்மவர்கள் அதிகம் பாடியிருக்கிறார்கள். பெருங்கடுங்கோ என்ற சேரனுக்குப் 'பாலை பாடிய' என்பதே அடைமொழியாகி நின்றுவிட்டது.

பாலக்காட்டுக் கணவாயின் மேற்கே இதே சொல்லுக்கு வேறு வாழ்வு. மலையாள நாட்டில் யட்சி குடியிருப்பது பாலையில், இல்லையென்றால் கரும்பனையில். இரவில் ஏழிலைப்பாலை பூத்து மணத்தால் யட்சி இறங்கிவிட்டாள் என்பார்கள். அவள் பெரும்பாலும் நம்பியவனால் கெட்டவள். கள்ளியங்காட்டு நீலி கதையில் நகைக்காக அவளைக் கொன்றவன், அவள் விரும்பிய ஆண். அந்தக் கொலைக்குச் சாட்சி கள்ளி, அதுவும் பால் வடியும் செடிதான்! சங்கப் பெண் வாசலில் காத்திருந்து மெலிந்தாள். யட்சி காத்திருப்பதை விட்டுவிட்டு மரமேறினாள்.

எருத்தேன்பதியில் இரண்டு மொழியும் புழங்குகின்றன. வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம். நிலமும் அப்படித்தான், கேரளத்தில் கரிசல் மண் பார்க்க வேண்டுமென்றால் இந்தச் சித்தூர் வட்டத்துக்குத்தான் வரவேண்டும். மலை மறைத்துவிடுவதால் மழை குறைவு. பனைகள் நிறைய. பாலையின் இலக்கணத்தைப் படித்துவிட்டு நண்பகலில் இங்கே நடப்பவருக்கு உரையாசிரியர் தேவைப்படமாட்டார்.

வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், பச்சை இலையிலிருந்து கத்தரிப்பூ நிறம் இறங்கும். தோல் நோய்க்குப் பூசுவார்கள். எனக்கு அதைவிட அதன் காய்மேல்தான் கண். முருங்கைபோல ஒல்லியாக, இரண்டிரண்டாகத் தொங்கும். காம்பில் சேர்ந்து பிறந்து, நடுவில் வளைந்து விலகி, நுனியில் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். முற்ற முற்ற நுனி விடும். பிறகு வெடித்து, பட்டுக்குஞ்சம் வைத்த விதைகள் வெளியே வரும். மார்கழி, தையில் கணவாய்க்குள் கிழக்கிலிருந்து காற்று அடிக்கும்போது அவை மேற்கே பறக்கும்.