நான்கடிக் குழாயும் ஐம்பத்து நான்கடி நிலமும்

1969 செப்டம்பர் 13 அன்று, அலாஸ்காவின் தென்கரையிலுள்ள வால்டீஸ் துறைமுகத்தில் ஜப்பானிய எஃகுக் குழாய்களின் முதல் தொகுதி இறக்கப்பட்டது. ஒவ்வொரு குழாயின் விட்டமும் 48 அங்குலம், அதாவது நான்கடி. பத்து வயதுச் சிறுவன் சற்றே குனிந்து உள்ளே நடந்து செல்லலாம். அந்தக் குழாய்களில் முதலாவது மண்ணுக்குள் இறங்கியது 1975 மார்ச் 27 அன்று, டான்சினா ஆற்றின் அடியில். வால்டீசிலிருந்து அந்த இடம் 100 மைல் கூட இல்லை. பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்த சரக்கு, கரையிலிருந்து ஒரு நாள் லாரிப் பயணத் தொலைவிலுள்ள வேலைத்தளத்தை அடைய ஐந்தரை ஆண்டுகள் காத்திருந்தது.

இத்தாமதத்துக்குச் சுற்றுச்சூழல் இயக்கத்தின் எதிர்ப்பையும், அது நீங்கியதற்கு 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடையையும் காரணமாகக் கூறுவது வழக்கம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இவ்வரலாற்றைக் குழாயை ஏற்றிச்செல்லும் லாரியின் பக்கம் நின்று வாசித்தால் வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது. நான்கடி அகலமுள்ள ஒரு பொருள் ஒரு நாட்டைக் கடந்து செல்ல எத்தனை அடி அகலம் வேண்டும்? அந்த அகலம் யாருடையது?

1968இல் அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரத்துப் புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய்வயல் கண்டறியப்பட்டது. அங்கிருந்து ஆண்டு முழுவதும் பனியுறையாத தென்கரைத் துறைமுகமான வால்டீஸ் வரை 800 மைல். எண்ணெய் நிறுவனங்களின் கூட்டமைப்பு, நடுவண் அரசின் அனுமதி கிடைப்பதற்கு முன்பே, 1969 ஏப்ரலில் மூன்று ஜப்பானிய எஃகு நிறுவனங்களிடம் ஏறத்தாழ 10 கோடி டாலருக்குக் குழாய் கொள்முதல் செய்ய ஒப்பந்தமிட்டது. வேண்டிய அளவிலும் தரத்திலும் அக்குழாயைச் செய்து தரும் ஆலை அப்போது அமெரிக்காவில் இல்லை. ஏறக்குறைய ஐந்து லட்சம் டன் எஃகு வால்டீஸ், ஃபேர்பேங்ஸ், புரூடோ விரிகுடா ஆகிய மூன்று இடங்களில் அடுக்கிவைக்கப்பட்டது.

குழாயின் எடையைக் கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். சுவரின் தடிமன் சில பகுதிகளில் 0.462 அங்குலம், சில பகுதிகளில் 0.562 அங்குலம். நாற்பதடித் துண்டு ஒன்று நான்கேகால் டன்னிலிருந்து ஐந்து டன்னுக்குச் சற்று மேல் வரை இருக்கும். ஒரு சாதாரண லாரிக்கு இது பெரிய பாரமன்று. உருவமே சிக்கல். உள்ளே காற்றும் வெளியே எஃகுமாக, எடையைக் காட்டிலும் இடத்தை அதிகம் அடைக்கும் பொருள் அது. இந்திய லாரித் தொழிலில் ‘ஓ.டி.சி.’ என்று சொல்லப்படும் அளவு மீறிய சரக்கின் இலக்கணமே இதுதான்.

இந்தச் சிக்கலைத் திட்டப் பொறியாளர்கள் தெரிந்தே இரட்டிப்பாக்கினார்கள். வால்டீசிலும் ஃபேர்பேங்ஸிலும் இருந்த கிடங்குகளில் நாற்பதடித் துண்டுகள் இரண்டிரண்டாகப் பற்றவைக்கப்பட்டு எண்பதடிக் குழாய்களாயின. கிடங்கில் தானியங்கி எந்திரம் குழாயைச் சுழற்றிப் பற்றவைக்கும். களத்திலோ, உறைநிலைக்குப் பல பாகை கீழே, குழாயைச் சுற்றி மனிதர் படுத்தும் குனிந்தும் அதே வேலையைச் செய்யவேண்டும். திட்டம் முழுவதிலும் ஏறத்தாழ 42,000 இணைப்புகள் கிடங்குகளிலும் 66,000 இணைப்புகள் களத்திலும் நிகழ்ந்தன. கிடங்கில் போட்ட ஒவ்வோர் இணைப்பும் களத்தில் ஒன்றைக் குறைத்தது. அதற்கு விலையாகச் சாலையில் சென்ற சரக்கின் நீளம் இருமடங்காயிற்று. பற்றவைப்பவரின் சுமை ஓட்டுநரின் தோளுக்கு மாறியது.

இவ்வளவு நீளமான குழாயை ஏற்றும் முறை தனியானது. முன்முனை இழுவை வண்டியின் மீதும் பின்முனை தொலைவில் உருளும் தனிச் சக்கரத்தொகுதியின் மீதும் அமரும். இடையில் வண்டிக்குத் தளமே இராது. வளைவில் முன்சக்கரம் செல்லும் தடத்தில் பின்சக்கரம் செல்லாது. அது வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு வரும். எனவே நேர்ச்சாலையில் ஒரு தடத்துக்குள் அடங்கும் வண்டிக்கு வளைவில் சாலை முழுவதும் வேண்டியிருக்கும். நீளம் என்பது திருப்பத்தில் அகலமாக மாறிவிடுகிறது. வால்டீசிலிருந்து வடக்கே செல்லும் ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையோ கீஸ்டோன் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களுக்கிடையே புகுந்து, தாம்சன் கணவாய்க்கு ஏறுகிறது. 1952-53 குளிர்காலத்தில் மட்டும் 974.5 அங்குலப் பனி பொழிந்த கணவாய் அது.

இருந்தும் தெற்கே சாலையாவது இருந்தது. யூக்கான் ஆற்றுக்கு வடக்கே அதுவும் இல்லை. 1968-69 குளிர்காலத்தில் ஆளுநர் வால்டர் ஹிக்கலின் ஆணைப்படி வடக்கு நோக்கி ஒரு குளிர்காலப் பாதை அவசரமாக வெட்டப்பட்டது. புல்டோசர்கள் மேற்பரப்பின் பாசியையும் புல்லையும் வழித்தெடுத்தன. ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் நிலத்துக்கு அந்தத் தாவரப் போர்வைதான் கவசம். கோடையில் வெயில் பட்டதும் அடியிலிருந்த பனி உருகி, பாதை நீர் நிறைந்த வாய்க்காலாயிற்று. ஆர்க்டிக்கில் சாலை வெட்டக்கூடாது, பரப்பவேண்டும் என்ற பாடத்தை அது கற்பித்தது. பின்னர் அமைந்த சாலை 28 அடி அகலத்தில், மூன்று முதல் ஆறடித் தடிமனுள்ள சரளைப் படுகையாக நிலத்தின் மீது கிடத்தப்பட்டது.

ஆனால் அதைப் பரப்பும் நிலம் யாருடையது என்பது அதற்குள் நீதிமன்றத்தை எட்டியிருந்தது. யூக்கான் கரையிலுள்ள ஸ்டீவன்ஸ் வில்லேஜ், கொயுகோன் அத்தபாஸ்கர் மக்களின் சிற்றூர். 1867இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியபோது பூர்வகுடிகளின் நிலவுரிமை தீர்க்கப்படாமலே விடப்பட்டது. நூறாண்டு கடந்தும் நிலைமை அதுவே. 1969இல் குழாய்த்தடத்திலிருந்த சில கிராமங்கள், பணிகளில் தங்கள் மக்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வாய்ப்புத் தரப்படும் என்ற உறுதியின்பேரில், தடத்தின் மீதான கோரிக்கையை விட்டுக்கொடுக்க இசைந்திருந்தன. ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டபோது பூர்வகுடி நிறுவனம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. 1970 மார்ச்சில் ஐந்து கிராமங்கள் வழக்குத் தொடுத்தன. ஏப்ரல் 1 அன்று வாஷிங்டனில் நீதிபதி ஜார்ஜ் ஹார்ட், ஸ்டீவன்ஸ் வில்லேஜ் உரிமை கோரிய சுமார் 20 மைல் நிலத்தில் சாலை அமைக்க அனுமதி வழங்கலாகாது எனத் தடை விதித்தார். 800 மைல் திட்டம் ஒரு சிற்றூரின் 20 மைலில் நின்றது.

அதே மாதத்தில் மற்றொரு தடையாணையும் வந்தது. மூன்று சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த அவ்வழக்கின் வாதங்களில் ஒன்று, பேரளவுக் கருத்துகளை விடுத்து அளவுகோலைக் கையிலெடுத்தது. பொதுநிலத்தில் குழாய் பதிக்க வழியுரிமை தரும் 1920ஆம் ஆண்டுக் கனிமக் குத்தகைச் சட்டம், குழாய் கிடக்கும் நிலத்தோடு இருபுறமும் 25 அடியை மட்டுமே அனுமதித்தது. தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்களில் ‘வண்டித்தடப் பாத்தியம்’ என்று எழுதப்படும் உரிமைக்கு நிகரானது இது. நிலம் ஒருவருடையது, கடந்து செல்லும் உரிமை மற்றவருடையது, அந்த உரிமைக்கு வரையறுத்த அகலம் உண்டு. நான்கடிக் குழாய்க்குச் சட்டம் தந்தது மொத்தம் 54 அடி.

அது போதாது. எண்பதடிக் குழாயுடன் லாரி வந்து நிற்க ஓரிடம் வேண்டும். பக்கவாட்டுத் தூக்கு கொண்ட சங்கிலிச்சக்கர எந்திரம் குழாயை இறக்கிப் பள்ளத்தின் ஓரமாக வரிசையில் கிடத்தவேண்டும். ஒருபுறம் தோண்டிய மண் குவிந்திருக்கும், மறுபுறம் பற்றவைப்பவரின் வண்டிகள் நிற்கும், அவற்றைக் கடந்து அடுத்த லாரி முன்னேறவேண்டும். 1920இன் சட்டம் குழாயை அளந்தது. குழாயைக் கொண்டுவரும் வண்டியை அளக்கவில்லை. எஞ்சிய அகலத்தைத் தனி நிலப்பயன்பாட்டு அனுமதிகளால் ஈடுகட்ட அரசு முயன்றது. அவ்வாறு செய்வது நெடுநாளைய வழக்கம் என்றும் வாதிட்டது. 1973 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கம் சட்டத்தை மாற்றாது, அகலத்தைக் கூட்டவேண்டுமாயின் நாடாளுமன்றம்தான் கூட்டவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

நாடாளுமன்றம் அதற்கு முன்பே நிலவுரிமைச் சிக்கலைத் தீர்த்திருந்தது. 1971 டிசம்பர் 18 அன்று நிறைவேறிய அலாஸ்கா பூர்வகுடி உரிமைத் தீர்வுச் சட்டம், பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலத்தையும் 96.25 கோடி டாலரையும் வழங்கி, ஏனைய நிலத்தின் மீதான அவர்களது தொன்மை உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. தீர்வு வேண்டுமென வலியுறுத்தியவர்களில் எண்ணெய் நிறுவனங்களும் இருந்தன. அகலச் சிக்கலும் சுற்றுச்சூழல் வழக்குகளும் 1973இல் தீர்க்கப்பட்டன. இத்திட்டத்தின் மீது மேலும் சுற்றுச்சூழல் வழக்கு தொடுப்பதைத் தடுக்கும் திருத்தம் ஜூலை 17 அன்று செனட்டில் 49-49 என்று சமமாகி, துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பைரோ ஆக்னியூவின் ஒற்றை வாக்கால் நிறைவேறியது. எண்ணெய்த் தடைக்கு மூன்று மாதங்கள் முன்பே இது நிகழ்ந்தது என்பது கவனத்துக்குரியது. நவம்பர் 16 அன்று நிக்சன் கையெழுத்திட்டார். 54 அடியைத் தாண்ட அரசுக்கு அதிகாரம் கிடைத்தது.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. யூக்கானிலிருந்து புரூடோ விரிகுடா வரை 360 மைல் சரளைச் சாலை, 1974 ஏப்ரல் 29இல் தொடங்கி 154 நாட்களில் முடிந்தது. 1975 அக்டோபரில் பாலம் நிறைவுறும்வரை யூக்கானைக் குளிர்காலத்தில் உறைபனி மீதும், கோடையில் காற்றுமெத்தைப் படகுகளிலும் கடந்தார்கள். ஓட்டுநர்கள் அச்சாலையை ‘ஹால் ரோடு’, அதாவது பாரச்சாலை என்றழைத்தார்கள். ‘ரோலர் கோஸ்டர்’, ‘பீவர் ஸ்லைடு’, ‘ஐஸ் கட்’ என அதன் ஏற்ற இறக்கங்களுக்கும் லாரிக்காரர் வழக்கில் பெயர்கள் உண்டாயின. ஆறுகளிலும் கணவாய்களிலும் கொயுகுக், ஆட்டிகன் போன்ற பழைய பெயர்கள் தங்கியிருக்க, சாலை மட்டும் தனியொரு மொழியைப் பேசுகிறது. பணியின் உச்சத்தில், 1975 அக்டோபரில், 28,000 பேர் உழைத்தனர். 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1977 ஜூன் 20 அன்று குழாய்க்குள் எண்ணெய் விடப்பட்டது. ஜூலை 28 அன்று அது வால்டீசை அடைந்தது. ஐந்தரை ஆண்டுகள் கிடந்த எஃகின் வழியே எண்ணெய் அந்நிலத்தைக் கடக்க ஐந்தரை வாரங்கள் போதுமாயிருந்தன.

பாரச்சாலை இப்போது டால்டன் நெடுஞ்சாலை. 1994 முதல் அதன் முழு நீளமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பனியையும் குளிரையும் ஓட்டுநர் துணிவையும் சொல்கிறார்கள். அவற்றோடு, 1971ஆம் ஆண்டுத் தீர்வுச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலுள்ள ஒரு சிறு விதியையும் சேர்த்து வாசிக்கவேண்டும். பயன்பாட்டுக்கும் போக்குவரத்துக்குமான ஒரு நிலப்பட்டையை உள்துறைச் செயலர் ஒதுக்கிவைத்தால், பூர்வகுடிக் கிராமங்கள் தமக்குரிய நிலத்தை அப்பட்டைக்குள் தேர்ந்தெடுக்க அனுமதியில்லை என்கிறது அவ்விதி. சட்டம் நிறைவேறிய சில நாட்களிலேயே அப்பட்டை ஒதுக்கப்பட்டது. ஸ்டீவன்ஸ் வில்லேஜ் மக்கள் வழக்காடியது நிலம் யாருடையது என்று கேட்டு. 4.4 கோடி ஏக்கரில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. கிடைக்காமற்போனது, எண்பதடிக் குழாயை ஏற்றிய லாரி திரும்புவதற்கு வேண்டியிருந்த அந்த அகலம்.