மடு மண்ணும் மன்னார்க் கரையின் வரங்களும்

எங்கள் வீட்டுச் சுவாமி அறையில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில், பல ஆண்டுகளாக ஒரு சிறிய காகிதப் பொட்டலம் இருந்தது. அதனுள் ஒரு கைப்பிடி மண். என் தாயார் சைவப் பெண்மணி. தேவாரம் ஓதாமல் உணவருந்தாதவர். ஆயினும் அந்தப் பொட்டலத்தை எவரும் அசைக்க அவர் அனுமதித்ததில்லை. "அது மடு மண். வீட்டில் இருக்கட்டும், பாம்பு பூச்சி அண்டாது" என்பார்.

பத்திரிகையாளனாக நான் முதன்முதலில் மடுத் திருத்தலத்துக்குச் சென்றது எண்பதுகளின் தொடக்கத்தில், ஆவணித் திருவிழாவுக்கு. காட்டு மரங்களின் கீழே கூடாரம் அடித்துத் தமிழரும் சிங்களவரும் அருகருகே சமைத்துக் கொண்டிருந்தார்கள். கோயிலின் புறத்தே மண் எடுப்போர் கூட்டம் ஓயவில்லை. திரும்பி வந்து, மண் மருந்தாகுமா என்று எள்ளலாக ஒரு கட்டுரை எழுதினேன். பகுத்தறிவுத் துடிப்பு மிகுந்திருந்த வயது. வாசித்த மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மண் அங்கே எப்படித் தம்பி வந்தது?" என்னிடம் விடை இல்லை. விடை தேடப் புறப்பட்டவன் நானூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆவியின் கொடைகள் என்று ஒரு போதனை உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் மடலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பவுல் அவற்றை அடுக்குகிறார்: ஞானம், அறிவு, விசுவாசம், குணமாக்கல், அற்புதச் செயல், இறைவாக்கு, ஆவிகளைப் பகுத்தறிதல், பல மொழி பேசுதல், அம்மொழிகளுக்கு விளக்கம் கூறல். எங்கள் நாட்டுப் பழைய கத்தோலிக்கர் 'இஸ்பிரீத்து சாந்து' என்றும் 'வரப்பிரசாதம்' என்றும் சொன்னவற்றை, இன்றைய தலைமுறை 'தூய ஆவி' என்றும் 'அருட்கொடை' என்றும் சொல்கிறது. சொற்கள் மாறின, கேள்வி மாறவில்லை. ஞானஸ்நானம் பெற்றவனுக்கு அதனால் கிடைப்பது என்ன? மன்னார்த் தீவில் அக்கேள்விக்குக் கிடைத்த முதல் விடை கொடியது.

1544ஆம் ஆண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கிறிஸ்தவம் தழுவியிருந்தனர். அதில் பக்தி எவ்வளவு, போர்த்துக்கேயக் கப்பற்படையின் பாதுகாப்பை நாடிய தேவை எவ்வளவு என்று பிரித்தறிய இன்று எவராலும் இயலாது. இரண்டும் இருந்தன என்பதே நேர்மையான கூற்று. அக்கரையில் பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராகச் சென்று செபங்களைத் தமிழில் மனனம் செய்வித்துக் கொண்டிருந்தார். நோயாளிகள் அழைத்தபோது தாம் எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலாமையால், செபம் கற்ற சிறுவர்களை அனுப்பிவைத்ததாக அவரே 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் கூறுகிறார். குணமாக்கும் வரம் குருவானவரின் கையில் இல்லாமல் மீனவச் சிறுவரின் நாவில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இச்செய்தி கடல் கடந்து மன்னாரை எட்டியது. தீவின் மக்கள் சவேரியாரை அழைத்தனர். அவர் வர இயலாமல் வேறொரு குருவை அனுப்பினார். நூற்றுக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றனர். சில மாதங்களுக்குள் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி படையுடன் வந்து, மதம் மாறியோரில் அறுநூறு பேர் வரையில் வெட்டுவித்தான். சங்கிலியை வெறும் கொடுங்கோலனாகச் சித்திரிப்பது திருச்சபை வரலாற்றாசிரியரின் வழக்கம். அவனது கண்ணில் இது மதம் பற்றிய விவகாரம் மட்டுமன்று. ஞானஸ்நானம் பெற்ற குடி போர்த்துக்கேய மன்னனின் குடியாகிவிடும். முத்துச் சலாபத்தை ஒட்டிய தீவு கைநழுவும். அவன் அஞ்சியது 1560இல் நடந்தேறியது: கோவாவின் அரச பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்து, மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தான். ஆயினும் அரசியல் கணக்கு எதுவாயினும், வெட்டுண்டவர்கள் அரசியல்வாதிகள் அல்லர். வலையும் வள்ளமும் உடைய குடும்பங்கள். செபங்களை முழுமையாகக் கற்று முடித்திருப்பார்களா என்பதே ஐயம்.

அவர்களுக்கு அற்புதம் எதுவும் நிகழவில்லை. வாள் மழுங்கவில்லை. 1545 சனவரியில் சவேரியார் எழுதிய கடிதத்தில் இச்சம்பவம் இடம்பெறுகிறது. இக்காலத்திலும் வேதசாட்சிகளுக்குக் குறைவில்லை என்று இறைவனுக்கு நன்றி கூறுகிறார் அவர். முதல் வாசிப்பில் இந்த வரி எனக்குக் கசந்தது. இன்றும் முழுமையாக இனிக்கவில்லை. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினிக்கு எழுப்பப்பட்ட ஆலயத்தில் இன்று மன்னார் மக்கள் அவர்களை நினைவுகூருகின்றனர்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் சோதனை வேறு வடிவில் வந்தது. குருமார் வெளியேற்றப்பட்டனர், அவர்களுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என்று பறைசாற்றப்பட்டது. கத்தோலிக்கக் கோயில்களே சீர்திருத்தச் சபையின் கோயில்களாயின. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, உறுதிப்பூசுதல் இல்லை. குருவின் கை வழியாகவே அருள் வரும் என்று கற்பிக்கப்பட்ட மக்களுக்குக் குரு இல்லாமற் போனார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! ஒரு தலைமுறை முழுதும் குருவைக் காணாமலே வளர்ந்தது. பிறந்த குழந்தைக்கு ஊர்ப் பெரியவர் தண்ணீர் வார்த்தார். இறப்போருக்குச் செபமாலை தெரிந்தவர் துணையிருந்தார்.

இக்காலத்தில்தான், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நுழைந்தன என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்த வேறு கத்தோலிக்கரும் அவர்களோடு சேர்ந்தனர். அவர்கள் தங்கிய இடம் மருதமடு.

என் ஆசிரியரின் வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது. அந்நாளைய வன்னிக் காட்டை எண்ணிப் பாருங்கள். கடலோர மக்களுக்குக் காடு அந்நியம். மலேரியாவும், கரடியும், யானையும், எல்லாவற்றுக்கும் மேலாக நாகமும் புடையனும் நிறைந்த நிலம். மருத்துவர் இல்லை. கையிலிருந்தது ஒரு சொரூபமும் காலடி மண்ணும்தான். பாம்புக் கடிக்கு மடு மண் காப்பு என்ற நம்பிக்கை அத்தகைய வாழ்விலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இன்று பாம்பு கடித்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். நஞ்சு முறிக்கும் ஊசி அங்கேதான் இருக்கிறது. மண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்குமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

1687இல் ஒரு கூலியாளின் கோலத்தில் வந்திறங்கினார் கோவாவின் யோசேப் வாஸ். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பர். கண்டியில் வறட்சியின்போது அவர் செபித்து மழை வந்த கதை பரவலாகத் தெரிந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1697இன் பெரியம்மை. நோயாளிகளை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அவர் மதம் பாராமல் அவர்களைக் கழுவினார், உணவூட்டினார், புதைத்தார். 2015 சனவரி 14 காலை காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.

அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழையும் சிங்களத்தையும் கற்று இரண்டிலும் நூல்கள் இயற்றினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் நம் கரையோர ஊர்களில் ஒலித்துவருவது. பல மொழி பேசும் வரம் என்பதற்கு இரவு விளக்கொளியில் இலக்கணம் படிக்கும் வழியும் உண்டு போலும்!

வரம் பற்றி எழுதும்போது சலாபத்துச் சுறாக் கட்டுவோரைத் தவிர்க்க முடியாது. முத்துக் குளிப்புக்கு முன் சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் கடற்கட்டி. அவர் இல்லாமல் சுழியோடிகள் நீரில் இறங்கமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே இதை விவரித்த எமர்சன் தெனன்ட், இது பரம்பரை உரிமை என்றும், அவ்வேளை அக்குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்றும் குறிக்கிறார். அவர் போனபோது கடற்கட்டி நோயுற்றிருந்தாராம், பதிலாள் வந்திருந்தார். தமக்கு மந்திரம் தெரியாது, ஆனாலும் தம்மை அனுப்பியவருக்காகச் சுறாக்கள் மரியாதை செய்யும் என்றாராம் அந்தப் பதிலாள். தெனன்ட் இதை நகைச்சுவையாகவே எழுதினார், நான் மடு மண்ணைப் பற்றி எழுதியதைப் போல. ஆழத்தில் மூச்சடக்கி இறங்குபவனுக்கு அது நகைச்சுவை அல்ல.

மடுவின் பிற்கால வளர்ச்சி ஏடுகளில் தெளிவாக உள்ளது. 1870களில் ஆயர் பொன்ஜீன் புதிய கோயிலைத் தொடங்கினார். 1924 யூலை 2 அன்று சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. சிங்கள பௌத்தர் பலர் மடு அன்னையில் பத்தினித் தெய்வத்தைக் காண்கின்றனர். பேய் பிடித்தோரை அழைத்து வருவோரும் உண்டு. 1920களில் கொழும்பில் வேரூன்றிய பெந்தகோஸ்தே சபையினர் அந்நிய பாஷையையும் சுகமளித்தலையும் முன்னிறுத்தினர். எழுபதுகள் முதல் கத்தோலிக்கருக்குள்ளேயே அருங்கொடை இயக்கம் பரவியது. இவை தனியே எழுதத்தக்கவை.

1990 முதல் மடு வளாகம் அகதி முகாமாயிற்று. 1999 நவம்பர் 20 இரவு அங்கே எறிகணைகள் வீழ்ந்தன. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். இரு தரப்பும் மற்றத் தரப்பையே குற்றஞ்சாட்டின. செய்தி வந்த இரவு நான் பணியில் இருந்தேன். மாதாவின் வாசலிலேயே இப்படியா என்று தட்டச்சு செய்த இளைஞன் கேட்டான். 1544இன் மக்களை அவனுக்குச் சொல்லலாமா என்று எண்ணிச் சொல்லாமல் விட்டேன்.

2008 ஏப்ரல் தொடக்கத்தில், போர்முனை நெருங்கியபோது, குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். காட்டிலிருந்து மீண்டும் கடற்கரைக்கு. முன்னோர் வந்ததற்கு எதிர்த்திசையில். அவ்வாண்டு ஆவணியில் அது மடுவுக்குத் திரும்பியது.

தாயார் வைத்திருந்த பொட்டலம் இடப்பெயர்வுகளில் எங்கோ தொலைந்தது. சில ஆண்டுகள் கழித்து மடுவுக்குச் சென்றபோது, மண் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சிங்கள மூதாட்டி என் வெறுங்கைகளைப் பார்த்துவிட்டுத் தம் பொட்டலத்தில் பாதியைப் பிரித்துத் தந்தார். அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.