துரோபேஸியேன்: ஓர் ஊர்ப்பெயர் காலுக்கு வந்த கதை

பிரெஞ்சு மொழியில் துரோபேஸியேன் என்ற சொல்லுக்கு நான்கு பொருள்கள் வழங்குகின்றன. முதலாவது, சான்-துரோபே ஊரைச் சேர்ந்த பெண். இரண்டாவது, சில வார்கள் மட்டும் வைத்துத் தைத்த தட்டையான தோல் செருப்பு. மூன்றாவது, நடுவே கிரீம் வைத்த இனிப்பு ரொட்டி. நான்காவது, சரிவான ஓட்டுக் கூரையில் ஒரு பகுதியை வெட்டி அமைக்கும் சிறு மொட்டைமாடி. பிரான்சின் தென்கிழக்குக் கரையில் மத்தியதரைக் கடலைப் பார்த்திருக்கும் இந்தச் சிற்றூர் பெரும் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளாலும் திரை நட்சத்திரங்களாலும் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஊரின் பெயர் படகிலும் ஒட்டவில்லை, மாளிகையிலும் ஒட்டவில்லை. காலடியிலும் தின்பண்டத்திலும் கூரையிலும் போய் ஒட்டிக்கொண்டது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. ஊரின் உண்மையான நாகரிகம் எங்கே இருக்கிறது என்பதற்கு இந்தச் சொல்லே நல்ல சாட்சி என்பதும், அந்த நாகரிகத்தை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடியேறிய எளிய தொழிலாளர்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். நீரோ மன்னன் காலத்தில் இத்தாலியின் பீசா நகரில் தலை வெட்டப்பட்ட தோர்பெஸ் என்ற கிறித்தவத் தியாகியின் உடலை, ஒரு நாயோடும் சேவலோடும் படகில் ஏற்றிக் கடலில் விட்டார்கள் என்றும், அந்தப் படகு இங்கே கரை ஒதுங்கியது என்றும் தொன்மம் சொல்கிறது. தோர்பெஸ் மக்கள் நாவில் புரண்டு துரோபே ஆனது. தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் போல எழுத்துகள் இடம் மாறி நின்ற மாற்றம் இது. நம் இலக்கணத்தார் இதை இலக்கணப்போலி என்பார்கள். பெயரின் கடைசியில் எழுதப்படும் மெய்யெழுத்தைப் பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதில்லை. ஊரைச் சொல்லும்போது துரோபே என்று நிறுத்திவிடுவார்கள். ஊரைச் சேர்ந்தது என்று சொல்ல விகுதி சேர்த்தவுடன் அந்த ஊமை எழுத்து உயிர் பெற்று, ஆண்பாலில் துரோபேஸியான், பெண்பாலில் துரோபேஸியேன் என்று ஒலிக்கிறது. தொன்மம் வரலாறு ஆகாது. ஆனாலும் ஊருக்குப் பெயர் தந்தவரே வேற்றூரிலிருந்து கடல்வழி வந்தவர் என்று ஊரார் நம்பி வந்தது கவனிக்கத்தக்கது. வரலாறும் அந்தத் திசையில்தான் போகிறது: பாழாகிக் கிடந்த ஊரில் 1470இல் ஜெனோவாவிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய பிறகே அது மீண்டும் ஊரானது.

இனி இலக்கணம். ஊர்ப்பெயர் அவ்வூரில் விளைந்த பொருளுக்கு ஆகி வருவதைத் தமிழில் இடவாகுபெயர் என்கிறோம். பிரெஞ்சில் ஊர்ப்பெயர் அப்படியே நிற்காமல் ஒரு விகுதி ஏற்று அடையாகிறது. பிறகு அந்த அடை தழுவிய பெயர் மெல்ல உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த பெயரின் பால் மட்டும் விகுதியில் தங்கிவிடும். செருப்பு, தார்த் என்னும் பண்டம், மாடி ஆகிய மூன்றும் பிரெஞ்சில் பெண்பாற் சொற்கள். ஆகவே மூன்றுமே துரோபேஸியேன் ஆயின. பெயரை விட்டுவிட்டு அடையை மட்டும் சொன்னாலே கேட்பவருக்குப் பொருள் புரிய வேண்டுமென்றால், அந்தப் பொருள் அன்றாடப் புழக்கத்தில் ஊறியிருக்க வேண்டும். இதே கரைக்கு வழங்கும் இன்னொரு பெயரோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கோத் தஸூர், அதாவது நீலக் கரை என்ற பெயரை ஸ்தெஃபென் லியெஜார் என்ற எழுத்தாளர் 1887இல் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். அது ஒருவர் மேசையில் பிறந்து சுற்றுலாவுக்குப் போன பெயர். துரோபேஸியேன் பட்டறையிலும் கடையிலும் வாங்குவோர் விற்போர் வாயில் பிறந்த பெயர்.

செருப்பை எடுத்துக்கொள்வோம். தட்டையான தோல் அடி, பாதத்தின் மேல் சில வார்கள், கணுக்காலருகே ஒரு பக்கிள். குதிகால் உயரமில்லை, மின்னும் அலங்காரமில்லை. இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த தொமினிக் ரொந்தினி 1927இல் இங்கே பட்டறை வைத்தார். ஆர்மீனியரான ஜாக் கெக்லிக்கியன் 1933இல் தம் மனைவியோடு இன்னொன்றைத் தொடங்கினார். இரண்டு பட்டறைகளும் இன்றும் செருப்பு செய்கின்றன. வெயில் காயும் கல் பாவிய தெருவுக்கும் கடல் மணலுக்கும் ஏற்ற காலணி இது. உழைப்பவரும் ஓவியரும் கோடையில் வந்து தங்கிய சீமாட்டியும் ஒரே வடிவத்தை அணிய முடிந்ததே இதன் சிறப்பு. இருந்ததில் ஒரு வாரைக் குறைத்தாலும் செருப்பு காலில் நிற்காது. ஒன்றைக் கூட்டினால் அது மிகை. அழகு என்பது குறைத்தலில் இருக்கிறது என்ற கொள்கையை யாரும் நூலில் எழுதாமல் தோலில் தைத்து வைத்தார்கள்.

தின்பண்டத்தின் கதையும் இதற்கு இணையானது. போலந்திலிருந்து வந்த ரொட்டிக்காரர் அலெக்சாந்தர் மிக்கா 1955இல் இவ்வூரில் கடை திறந்தார். வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ் ரொட்டியைக் குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவே கிரீம் வைத்து, மேலே பருமனான சர்க்கரை தூவி விற்றார். இது தம் பாட்டியின் பக்குவம் என்பது அவர் சொன்னது. அந்த ஆண்டு இயக்குநர் ரொஜே வதீம் தம் முதல் படத்தை இங்கே எடுக்க வந்தார். படக்குழுவுக்கு உணவு தந்தவர் மிக்கா. பண்டத்துக்கு ஊரின் பெயரையே வைக்கும்படி யோசனை சொன்னவர் கதாநாயகி பிரிஜித் பார்தோ என்று சொல்லப்படுகிறது. சான்-துரோபேயின் தார்த் என்றிருக்க வேண்டியது, தார்த் துரோபேஸியேன் என்று அடையோடு நிலைத்தது. கண்டிப்பான சமையற்காரர் கணக்கில் இது தார்த்தே இல்லை. தார்த் என்றால் மாவுக் கிண்ணத்தில் பழமோ கிரீமோ நிரப்பியதாக இருக்க வேண்டும். இனப்பெயர் பொருந்தாமல் போனாலும் ஊர் அடை பொருந்திவிட்டது. போலந்துப் பாட்டியின் ரொட்டி ஒரு தலைமுறைக்குள் இவ்வூர் இருக்கும் புரோவான்ஸ் வட்டாரத்தின் பண்டமானது.

மூன்றாவதான மாடிக்கு உரிமை கோரும் தனி மனிதர் யாரும் இல்லை. தென் பிரான்சில் வீடு விற்கும் விளம்பரங்களில் துரோபேஸியேன் உண்டு என்று ஒரு சொல் போட்டாலே போதும்; வாங்குவோருக்குப் புரியும். சுவர்களும் கூரையின் கீழ் விளிம்பும் அப்படியே நிற்க, சரிவின் நடுவில் மட்டும் ஓடுகளை எடுத்து வெட்டவெளியாக்குவதே இந்த அமைப்பு. உள்ளே இருப்பவருக்கு வானமும் கடலும் கிடைக்கும். தெருவில் போகிறவர் கண்ணுக்குப் பழைய வீடு பழைய வீடாகவே தெரியும். வசதியை மறைத்து வைக்கும் கட்டடக்கலை இது. போர்க்காலத்தில் 1944இல் ஜெர்மானியர் தகர்த்த துறைமுகத்தை, பின்னர் பழைய தோற்றத்திலேயே ஊரார் கட்டி எழுப்பினார்கள். மாடியின் கருத்தும் துறைமுகத்தின் கருத்தும் ஒன்றே.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, எல்லாம் பார்தோவின் புகழ் செய்த வேலை என்பது. வதீமின் படம் 1956இல் வெளிவந்த பிறகே உலகம் இவ்வூரைக் கேள்விப்பட்டது என்பதில் உண்மை இருக்கிறது. தின்பண்டத்தின் பெயர் அந்தப் புகழுக்குக் கடன்பட்டதுதான். ஆனால் கால வரிசை முழுக் கடனையும் ஒப்புக்கொள்ள விடாது. ஓவியர் போல் சின்யாக் 1892இலேயே படகில் இங்கே வந்தார்; பின்னர் வீடும் வாங்கினார். இன்னோர் ஓவியரான மத்தீஸ் 1904இன் கோடையை இங்கே கழித்தார். எழுத்தாளர் கொலெத் 1926 முதல் பல கோடைகள் இங்கே வாழ்ந்தார். இரண்டு செருப்புப் பட்டறைகளும் படத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் முந்தியவை. பார்தோ ஒரு பாணியைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை அணிந்தார். அடுத்த மறுப்பு, தோல் வார்ச் செருப்பு கிரேக்கர் காலத்திலிருந்தே மத்தியதரைக் கடல் முழுவதும் இருக்கிறதே, இவ்வூருக்கு மட்டும் என்ன உரிமை என்பது. உரிமை இல்லை என்பதே சரியான விடை. தோர்பெஸ் பீசாவுக்கு உரியவர், ரொட்டி போலந்துக்கு உரியது. வந்ததை ஏற்றுச் செம்மையாக்கிப் பெயர் தருவதே இவ்வூரின் தொழில். மூன்றாவது மறுப்பு, இன்று இந்தச் சொல் வெறும் வணிகச் சரக்கு என்பது. தின்பண்டத்தின் பெயர் பதிவு பெற்ற வணிகப்பெயர்தான். ஆனால் விற்பனைக்குரிய மதிப்பு முதலில் சொல்லில் சேர்ந்த பிறகே வணிகர் அதைப் பிடிக்க வருகிறார். பதிவேடு சொல்லைப் பூட்டலாம், பிறப்பிக்க முடியாது.

இந்தப் பொருள்களுக்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஒன்று நம் கரையிலேயே இருக்கிறது. பியேர் ஆந்திரே த சுஃப்ரான் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவரின் முழுப்பெயரில் சான்-துரோபே இருந்தது. அது அவர் குடும்பத்தின் நிலவுரிமைப் பட்டம். அவர் ஹைதர் அலியின் நட்பைப் பெற்று, 1782இல் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலைக் கடல்களிலும் 1783இல் கடலூர்க் கடலிலும் ஆங்கிலேயரோடு போரிட்டார். ஊர்த் துறைமுகத்தில் 1866இல் வார்த்த அவருடைய வெண்கலச் சிலை நிற்கிறது. பிரபுவின் பட்டமாகச் சோழமண்டலக் கரைவரை வந்த அந்த ஊர்ப்பெயர் இங்கும் ஒட்டவில்லை, அங்கும் ஒரு பொருளுக்குப் பெயராகவில்லை. அதிகாரம் சுமந்து சென்ற பெயர் சிலையோடு நின்றது. செருப்புத் தைப்பவரும் ரொட்டி சுடுபவரும் சுமந்த பெயர் அகராதிக்குள் போனது.

ஆகவே சான்-துரோபேயை அறிய விரும்புகிறவர் துறையில் வரிசையாக நிற்கும் படகுகளைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அவை கோடைக்கு வந்து கோடையோடு போகின்றவை. அவற்றுக்கு ஊர் தன் பெயரைக் கொடுக்கவில்லை. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு சிற்றூர் எதைத் தன்னுடையது என்று கருதுகிறது என்பதற்கு, அதன் பெயரை ஏற்று நிற்கும் மூன்று எளிய பொருள்களே விடை.