வாய்ப் புற்றும் ‘வீட்டு ஆள்’ புரதமும்

அம்பாசமுத்திரத்தில் நின்று மேற்கே நோக்கினால் பொதிகை மலை தெரியும். அம்மலைத் தொடரின் தென்கோடிக்கு அப்பால், இன்றைய குமரி மாவட்டத்தில், நெய்யூர் இருக்கிறது. லண்டன் மிஷன் சங்கத்தார் 1838இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினர். 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற சாமர்வெல்தான் அங்கே பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதே மருத்துவமனையைச் சேர்ந்த ஆர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்.

தாமிரவருணிக் கரையில் ஆத்தூர் வெற்றிலையைப் போற்றி வளர்க்கும் நாம் வெற்றிலையின் மேல் பழி போட வேண்டாம். உண்மைக் குற்றவாளிகள் அதனோடு சேரும் புகையிலையும் பாக்குமே. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்தது.

ஆர் எழுதிய காலத்தில், ஒரு நோயாளி பிழைப்பாரா என்பதைப் புண்ணின் அளவையும் கழுத்தில் தோன்றும் கட்டியையும் கொண்டுதான் கணிக்க முடிந்தது. இன்று அவற்றோடு ஒரு புரதத்தையும் தேடிப் பார்க்கிறார்கள். அதன் பெயர் பி.டி.எல்.-1.

இதன் கதை ஜப்பானில் தொடங்குகிறது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹோஞ்சோ குழுவினர் உயிரணுக்கள் சாவது எவ்வாறு என்று ஆராய்ந்தபோது, 1992இல் பி.டி.-1 என்ற புரதத்தைக் கண்டனர். அது இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தால், அவற்றின் வெள்ளணுக்கள் சொந்த உடலையே தாக்கின! ஆக, அது நோய் எதிர்ப்புப் படைக்கு ஒரு தடைக்கட்டை. அந்தக் கட்டையை அழுத்தும் கை எது? 1999இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் லீபிங் சென் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து வேறு பெயரிட்டிருந்தார். அதுவே அந்தக் கை என்பதை, 2000இல் ஹோஞ்சோவும் பாஸ்டன் நகரத்து ஃபிரீமனும் காட்டினர். பி.டி.எல்.-1 என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

களத்து மேட்டில் காவலாளி வந்து நிற்கிறான். நெல் திருட வந்தவன், “நான் வீட்டு ஆள்தான்” என்று சொல்லித் தப்புகிறான். புற்றணுக்களும் தம் மேற்பரப்பில் இப்புரதத்தைக் காட்டி வெள்ளணுக்களை ஏமாற்றுகின்றன. அப்படியானால் புரதம் மிகுந்தால் நோய் கொடியது என்றுதானே நினைப்பீர்கள்? சிறுநீரகப் புற்றில் 2004இல் கண்டது அதுவே. ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றில் 2012இல் கண்டது நேர்மாறு: புரதம் காணப்பட்டவர்களே நீண்ட நாள் வாழ்ந்தனர்.

இந்த முரணுக்கு விடை சுவையானது. வெள்ளணு தாக்கும்போது இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால்தான் பல புற்றணுக்கள் இப்புரதத்தை வெளிக்காட்டுகின்றன. திருடன் பொய் சொல்கிறான் என்றால் காவலாளி களத்துக்கு வந்துவிட்டான் என்றும் பொருள் அல்லவா! ஆகவே ஒரே புரதம் ஓரிடத்தில் திருடனின் பலத்தையும், மற்றோரிடத்தில் காவலின் வருகையையும் குறிக்கலாம். எல்லாப் புற்றுக்கும் ஒரே அளவுகோல் என்று இதை விளம்பரப்படுத்துவோரை நான் நம்புவதில்லை.

அந்தக் கையைத் தட்டிவிடும் மருந்துகள் 2014 முதல் வந்தன. ஹோஞ்சோவும் அமெரிக்கர் ஆலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். வாய்ப் புற்று அடங்கிய தலை, கழுத்துப் புற்றுகளில், புற்றணுக்களிலும் சுற்றியுள்ள எதிர்ப்பணுக்களிலும் இப்புரதம் தென்படுவதை எண்ணி மருந்தைத் தேர்வது 2019 முதல் வழக்கமாயிற்று.

ஆனால் முழு அளவு மருந்துக்கு லட்சக்கணக்கில் செலவாகும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் வேறு வழி தேடினர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப்! வழக்கமான அளவில் இது பதினெட்டில் ஒரு பங்கு. முற்றிய நோயுள்ள 151 பேரில், மலிவான மாத்திரைகள் மட்டும் உண்டவர்களில் ஓராண்டு உயிருடன் இருந்தோர் 16.3 விழுக்காடு, இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காடு.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்திருந்தால், அது பதிந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இப்புரதத்தைப் பிறகு தேட வேண்டி வந்தால், அதிலிருந்துதான் மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்பார்கள்.