முட்டைக்கோழிகளில் வெப்ப அயற்சி

கடும் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து முட்டைக்கோழிகளுக்கு விளைவிக்கும் உடல் பாதிப்பு வெப்ப அயற்சி எனப்படும். பக்கங்கள் திறந்த உயரமான கொட்டகைகளில் கோடிக்கணக்கான கோழிகள் வளரும் நாமக்கல் பகுதியில் கோடைக்காலத்தின் முதன்மைக் கவலை இதுவே.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். முட்டையிட உகந்த சூழல் 18 முதல் 24 டிகிரி. சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் சிறகை விரித்து, அலகைத் திறந்து மூச்சிரைக்கும். மூச்சுப்பாதையின் ஈரம் ஆவியாகி உடல் குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் இரைப்பு நீளும், குளிர்ச்சி கிட்டாது. கோடை மழைக்கு மறுநாள் புழுக்கம் வறண்ட வெயிலை விடக் கோழிகளை வாட்டுவது இதனால்தான். உடல் வெப்பம் 46 டிகிரியைக் கடந்தால் இறப்பு நேரும்.

உயிரைக் காக்கும் இந்த இரைப்பே முட்டை ஓட்டைக் கெடுக்கிறது. அளவுக்கு மீறிக் கரியமில வாயு வெளியேறுவதால் இரத்தம் காரத்தன்மை அடைகிறது. ஓட்டுக்குத் தேவையான பைகார்பனேட்டும் பயன்படும் நிலையிலுள்ள கால்சியமும் குறைகின்றன. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். வெயிலில் தீவனம் எடுப்பதும் குறைவதால் முட்டை சிறுக்கிறது, ஓடு மெலிகிறது, ஓடு படியாத தோல்முட்டை கூடுகிறது. ஆயினும் தீவனக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது அரைகுறை விளக்கமே. கரியமில வாயு ஏற்றிய சோடாத் தண்ணீரைக் குடித்த கோழிகளின் ஓடு வலுப்பட்டதை அமெரிக்க ஆய்வுகள் காட்டின. பண்ணையில் யாரும் சோடா வாங்கிக் கொடுக்கப்போவதில்லை. தீவனத்தில் பைகார்பனேட் தரும் சமையல் சோடா சேர்ப்பதே நடைமுறை.

ஓடு பெரும்பாலும் இரவில் படிவதால் கால்சியம் தரும் கிளிஞ்சலை மாலைத் தீவனத்தில் தருவது பயனளிக்கும். நீர்த்தெளிப்பான் வறண்ட காற்றில் உதவும். புழுக்கத்தில் ஈரத்தைக் கூட்டிக் கெடுதலே செய்யும். அப்போது மின்விசிறிதான் துணை.

இட்ட பின்னரும் வெப்பம் முட்டையை விடுவதில்லை. ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயுவும் நீரும் வெளியேற, கெட்டியான வெள்ளைக்கரு நீர்த்துப்போகும். வெள்ளைக்கருவின் உயரத்தையும் முட்டை எடையையும் கொண்டு இதை மதிப்பிடும் ஹா அலகை ரேமண்ட் ஹா 1937இல் வகுத்தார். குளிரறையில் இருந்த முட்டையைப் புழுக்கத்துக்கு எடுத்துவந்தால் ஓட்டில் நீர் கோக்கும். அந்த ஈரத்தோடு நுண்ணுயிரிகளும் துளைகளில் புகக்கூடும்.