முதலிற் பொருள், பின்னர்க் கணக்கு

களஞ்சியம் ஒன்றில் நெல்மூடைகளை அடுக்குவோன் ஒருவன். அவற்றை எடுத்துச் செல்வோன் மற்றொருவன். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. வாயிற் பலகையில் எழுதப்படும் எண்ணே அவர்களுக்கிடையே தூது. மூடையை வைத்த பின்னரே எண்ணைக் கூட்டுதல் வேண்டும் என்பது உடன்பாடு. எண் முந்தி மூடை பிந்துமாயின், எடுக்க வந்தவன் வெற்றிடத்தையே காண்பான். இந்த எளிய நெறியைக் கணினிகளுள் நிலைநாட்டுதற்கு அறிஞர் அரை நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது.

பல செய்முறைகள் ஒரே நினைவகத்தைப் பகிரும்போது நேரும் இடரை 1965ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்திரா தெளிவுற ஆராய்ந்தார். ஒருவர் உள்ளிருக்கையில் மற்றவர் நுழையாது தடுத்தல் அவர் காட்டிய வழி. ஆயின் பூட்டு, காவல் தருவதுபோலவே காத்திருப்போரின் காலத்தையும் உண்ணும். இடுவோர் ஒருவரும் எடுப்போர் ஒருவருமாக இருந்து, தத்தம் எண்ணை மட்டும் தாமே மாற்றுவராயின், பூட்டின்றியே வரிசையொன்றைப் பகிரலாம் என்பதற்கு 1977இல் அமெரிக்கரான லெஸ்லி லம்போட் நிறுவல் தந்தார். 1979இல் அவரே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்: ஒவ்வொரு செயலியும் தன்னளவில் ஒழுங்காக இயங்குவதனால் மட்டும், பல செயலிகள் கூடிய கணினி ஒழுங்காக இயங்கும் எனக் கொள்ளலாகாது.

அவ்வெச்சரிக்கை வீண் போகவில்லை. விரைவை நாடிய செயலிகள், எழுதியதை உடனே நினைவகத்திற் சேர்க்காது சிறு தாங்கியொன்றில் வைத்துவிட்டு, அடுத்த வேலைக்கு விரைந்தன. 1992இல் வெளிவந்த அல்பா என்னும் செயலி இவ்வகையில் மிகுந்த தளர்ச்சி உடையது. ஆகவே நினைவகத் தடை என்னும் கட்டளை இன்றியமையாததாயிற்று. தடைக்கு முன் எழுதியவை, பின் எழுதியவற்றுக்கு முந்தியே பிறர்க்குத் தோன்றுமாறு அது காக்கின்றது.

ஒரு கணினியைப் பல மெய்நிகர்க் கணினிகளாகப் பகுக்கும் வழக்கம் பரவியபோது இச்சிக்கல் புதுவடிவு கொண்டது. மெய்நிகர்க் கணினிக்குச் சொந்த வட்டு இல்லை. அதன் சாதனச் செலுத்தி ஒவ்வொரு வேண்டுகோளையும் ஆதாரக் கணினியிடம் ஒப்படைத்தல் வேண்டும். 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் அறிமுகஞ் செய்த சென் என்னும் மென்பொருள், இதற்குப் பொது நினைவகத்தில் வளைய வரிசையை அமைத்தது. அவுஸ்திரேலியரான ரஸ்டி ரசல் வகுத்த வேட்டையோ, 2008 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24இல் இடம்பெற்றது. அதில் விவரணப் பட்டியல் ஒன்றும் வளையங்கள் இரண்டும் உள. ஒரு வளையத்தில் மெய்நிகர்க் கணினி மட்டும் எழுதும். மற்றையதில் ஆதாரக் கணினி மட்டும் எழுதும். விவரணத்தை எழுதி, வளையத்தில் அதனைக் குறித்து, தடையிட்டு, அதன்பின்னரே எண்ணைக் கூட்டுதல் முறை.

இன்னும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. வேலையில்லாதபோது ஆதாரக் கணினி, "மணியடித்து எழுப்புக" என்று குறித்துவிட்டு, வரிசையை மறுமுறை நோக்கி உறங்கும். மெய்நிகர்க் கணினி எண்ணைக் கூட்டியபின், மணியடிக்க வேண்டுமோ எனக் குறிப்பைப் பார்க்கும். ஒழுங்கு மிக்க இன்ரெல் செயலிகளிலும், பிந்திய வாசிப்பு முந்திய எழுத்தைக் கடந்து செல்லலாம். அவ்வாறு இரு பக்கமும் பழைய செய்தியையே வாசிக்குமாயின், ஒருவர் மணியடியார், மற்றவர் விழியார். வரிசை அப்படியே உறைந்துவிடும். இரு பக்கத்திலும் முழுத் தடை இடுவதே இதற்குப் பரிகாரம்.

ஒற்றைச் செயலிக்கெனத் தொகுக்கப்பட்ட லினக்ஸ், செயலிகளுக்கிடையே இடப்படும் தடைகளை வேண்டாதவையென நீக்கிவிடும். தன் எழுத்தைத் தானே வாசிப்போனுக்குத் தடை எதற்கு? ஆனால் அது மெய்நிகர்க் கணினியாக ஓடுமிடத்து, வளையத்தின் மறுமுனையில் வேறொரு செயலி நிற்கக்கூடும். மெய்யான சாதனங்களுக்குரிய கடுந்தடைகளை அங்கு இட்டால் வேகம் குன்றும். ஆகவே 2016ஆம் ஆண்டில், ஒற்றைச் செயலித் தொகுப்பிலும் நீங்காது நிற்கும் தனித் தடைகள் மெய்நிகர்க் கணினிகளுக்கென லினக்ஸிற் சேர்க்கப்பட்டன.

தான் தனித்திருப்பதாக எண்ணும் கணினியும் முதலிற் பொருளையும் பின்னர்க் கணக்கையும் வைத்தே ஆகவேண்டும். பலகையை நோக்கி நிற்போன் ஒருவன் சுவருக்கு அப்பால் உளன்.